துவரின் மணம்: கருந்தேயிலையும் நறுமணக் கலையும் தமிழ்ச் சொல்லும்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் தேயிலையையும் வாசனைத் திரவியத்தையும் பேசுபொருளாக எடுத்துக்கொண்டது ஏன் என்னும் வினா உங்கள் உள்ளத்தில் எழக்கூடும். ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி அதற்கு விடையளிக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அண்ணியாருடன் ஒரு பேரங்காடிக்குச் சென்றிருந்தோம். வாசனைத் திரவியப் பகுதியில் நின்றிருந்த பெண், வெள்ளைத் தாள் கீற்று ஒன்றில் ஒரு திரவியத்தைத் தெளித்து நம்மிடம் நீட்டினார். "கருந்தேயிலை மணம் இது, எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். முகர்ந்து பார்த்தோம். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று வாழ்நாளெல்லாம் சொற்களோடு பழகிய நமக்கு, "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அண்ணியார் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கீற்றை வாங்கி ஒருமுறை முகர்ந்தார். "தேத்தண்ணி வாசம் இல்ல தம்பி இது. தேத்தூள் டின்னைத் திறந்ததும் மூக்குல ஏறும் பாருங்க, அந்த வாசம். கொஞ்சம் காந்தலும் இருக்கு" என்றார்.

இரண்டு மூன்று சிறு தொடர்களில் அவர் செய்த ஆய்வைப் பாருங்கள். நீரில் இறங்கிய மணத்தையும் உலர்ந்த இலையின் மணத்தையும் பிரித்தார். அந்த மணம் எந்தக் கணத்தில் வெளிப்படும் என்று சுட்டினார். அதனுள் கலந்திருந்த தீய்ந்த கூற்றுக்குத் தனிச்சொல் ஒன்றையும் வழங்கினார். நம்மிடம் இல்லாத எது அவரிடம் இருந்தது? இன்றைய உரை அந்த வினாவுக்கு நாம் தேடிக் கண்ட விடையாகும்.

பெயரில் உள்ள நிறம்

முதலில் பெயரை நோக்குவோம். தேயிலை என்னும் சொல்லில் உள்ள 'தே' சீனத்தின் ஃபூஜியன் கரையோரத்து ஹொக்கியன் வழக்கிலிருந்து புறப்பட்டது. டச்சு வணிகர் வழியே அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் புகுந்தது. மலாய் மொழியில் இன்றும் 'தே' என்றே ஒலிக்கிறது. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய 'ச்சா' என்னும் வடிவம் தரைவழியே பாரசீகம் சென்று 'சாய்' ஆயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் 'சாயா' என வழங்குவது அதன் வழிவந்ததே. நம் காப்பிக்கடைகளில் பால் கலவாத தேநீரைத் 'தே ஓ' என்று கேட்கிறோம். அந்த 'ஓ' ஹொக்கியனில் கருமையைக் குறிக்கும் சொல்.

ஆனால் நாம் கருந்தேயிலை என்பதை மாண்டரின் பேசுவோர் 'ஹொங் ச்சா', அதாவது செந்தேயிலை, என்கின்றனர். சப்பானியரின் 'கோச்சா'வும் அதே பொருளது. மாண்டரினில் கருந்தேயிலை என்று நேராகப் பெயர்த்தால் பூ-அர் போன்ற வேறொரு வகையையே அது குறிக்கும். ஆங்கிலேயர் உலர்ந்த இலையைப் பார்த்துப் பெயரிட்டனர். சீனர் கோப்பையில் இறங்கிய சாற்றைப் பார்த்துப் பெயரிட்டனர். பொருள் ஒன்றே, கண் விழுந்த இடம் வேறு.

தமிழில் இவ்விடத்தில் நினைக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. அது துவர். அறுசுவையுள் ஒன்றாகிய துவர்ப்பு அதனின்று பிறந்தது. செந்நிறத்திற்கும் அதுவே பெயர். காவியாடையைத் துவராடை என்றும் சிவந்த வாயைத் துவர்வாய் என்றும் பழந்தமிழர் வழங்கினர். நாவைச் சுருக்கும் சுவையும் சாற்றின் செம்மையும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. தேயிலையை அறியாத காலத்தில் தோன்றிய இச்சொல், தேநீருக்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. இச்சொல்லுக்கு மீண்டும் வருவோம்.

இலையில் மணம் பிறக்கும் விதம்

பறித்த கொழுந்தை உடனே கசக்கி முகர்ந்தால் புல்லின் பச்சை வாடையே எழும். நாம் விரும்பும் மணம் ஆலையில் பிறக்கிறது. முதலில் கொழுந்தை விரித்துப் பல மணிநேரம் வாட்டுகின்றனர். பிறகு உருளைகளில் இட்டு நசுக்குகின்றனர். இலையில் பல மணப்பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்து, ஆவியாக இயலாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. உயிரணுக்கள் உடைந்ததும் இலையின் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. லினலூல், ரோசா மணமுடைய ஜெரானியால், கோடாலித் தைலம் முதலிய வலிநீக்கித் தைலங்களில் நாம் அறிந்த மெத்தில் சாலிசிலேட் ஆகியவை விடுபடுகின்றன.

அடுத்து இலை காற்றில் கிடந்து உயிர்வளியை ஏற்கிறது. பச்சை செம்மையாக மாறுவது இப்போதுதான். இலையின் மஞ்சள் நிறமிகள் சிதைந்து, செவ்வூதா மலரின் மணமுடைய பீட்டா-அயனோனும், வேகவைத்த கனியையும் ரோசாவையும் ஒருங்கே நினைவூட்டும் டமாசினோனும் தோன்றுகின்றன. இறுதியில் சூடேற்றி உலர்த்தும்போது வறுபட்ட மணமும் இனிய காந்தலும் சேர்கின்றன.

ஆசிரியர்களுக்கு இங்கு ஒரு குறிப்பு. இந்த மூன்றாம் படியை நூல்கள் பலவும் 'நொதித்தல்' என்கின்றன. தேயிலை வணிகத்தில் வழங்கும் ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு அது. கள்ளிலும் தயிரிலும் நிகழ்வதுபோல் நுண்ணுயிர்கள் இங்கே தொழில்புரிவதில்லை, நிகழ்வது உயிர்வளியேற்றமே. பிழையான சொல் வேறொரு மொழியிலிருந்து பெயர்ந்து வரும்போது பிழையும் உடன் வருகிறது.

கருந்தேயிலையில் 600-க்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. எனினும் அவை அனைத்தையும் கூட்டினாலும் உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே தேறும். இலங்கையின் ஊவாத் தேயிலையில் மெத்தில் சாலிசிலேட் மேலோங்கித் தைலக் குளிர்ச்சி தருகிறது. ஃபூஜியனின் வூயி மலையில் ஊசியிலை மரப்புகையில் உலர்த்தும் லாப்சாங் சூசாங்கில் புகையே முன்நிற்கிறது. மண்ணும் பருவமும் கைப்பழக்கமும் மணத்தை வேறுபடுத்துகின்றன.

குப்பிக்குள் தேயிலை உண்டா?

தேயிலையிலிருந்து நேரே மணச்சாறு எடுப்பது இயலும். கரைப்பானில் இலையை ஊறவைத்து, மெழுகு போன்ற பொருளைப் பிரித்து, அதைச் சாராயத்தில் கழுவி வடித்தால் 'அப்சலூட்' எனப்படும் கருமையான கெட்டிச்சாறு கிடைக்கும். அழுத்தமூட்டிய கரியமிலவாயுவைக் கரைப்பானாகக் கொள்ளும் முறையும் உண்டு. ஆனால் இச்சாறு கோப்பைத் தேநீர்போல் மணப்பதில்லை. வைக்கோல், புகையிலை, தோல், உலர்ந்த பழம் ஆகியவற்றின் பக்கம் அது சாய்கிறது. அண்ணியார் சொன்ன தேத்தூள் டின்னின் மணம் இதற்கு நெருங்கியது.

ஆகவே தேநீர் மணம் வேண்டிய நறுமணக் கலைஞர்கள் வேறு வழி கண்டனர். 1990-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கலைஞர் ழான்-குளோத் எல்லெனா பல்கரி நிறுவனத்திற்காகப் பசுந்தேயிலைத் திரவியம் ஒன்றைப் படைத்தார். அதன் தேயிலை மணத்திற்கு அடிப்படை தேயிலைச் சாறன்று. மல்லிகையின் காற்றோட்டமான தன்மை கொண்ட ஹெடியோனும் செவ்வூதா மணமுள்ள அயனோனும் சேர்ந்து முகர்வோர் மனத்தில் தேநீரைத் தோற்றுவித்தன. அதன் பின் கருந்தேயிலைக்கும் கலைஞர்கள் திரும்பினர். 1998-இல் ஆன்னிக் மெனார்டோ படைத்த பல்கரி பிளாக், புகைத் தேயிலையையும் ரப்பரையும் வெனிலாவையும் இணைத்தது. 2000-இல் ஒலிவியா ஜியாகொபெட்டி லார்டிசான் பர்ஃப்யூமர் நிறுவனத்திற்குப் படைத்த டீ ஃபார் டூ, புகைத் தேயிலையோடு மசாலையின் இனிமையைச் சேர்த்தது. லெ லாபோவின் தே நுவார் 29 என்னும் திரவியம் 2015-இல் வெளிவந்தது. அதன் பெயரில் உள்ள 'தே நுவார்' பிரெஞ்சில் கருந்தேயிலையைக் குறிக்கும்.

இத்தகைய சேர்க்கையை அத்துறையினர் இசையிலிருந்து கடன் வாங்கி 'அக்கார்ட்' என்கின்றனர். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும்போது அவற்றுள் எதுவும் அல்லாத ஒரு முழுமை பிறப்பதுபோல, தேயிலை அல்லாத பொருள்கள் கூடித் தேயிலையாகின்றன. மொழியியலாருக்கு இது பழகிய செய்தி. 'மரம்' என்னும் ஒலித்தொடரில் மரம் இல்லை; ஆயினும் கேட்பவர் மனத்தில் மரம் தோன்றுகிறது. குப்பியிலுள்ள தேயிலையும் ஒருவகைச் சொல்லே.

துவர்ப்பை மணக்கச் செய்தல்

கருந்தேயிலையில் கலைஞர் எதிர்கொள்ளும் பெரிய இடர் எது? புகையைக் காட்டப் பிர்ச் மரத்தாரும், இலைத்தன்மையைக் காட்டத் தென்னமெரிக்க மாத்தே இலைச்சாறும் உண்டு. எர்ல் கிரே தேநீரைப் பருகிப் பழகியவர்க்குப் பெர்கமட் எலுமிச்சையின் மணமே தேநீரை நினைவூட்டிவிடும். இடர் துவர்ப்பில் இருக்கிறது.

துவர்ப்பு மணமன்று. தேநீரிலுள்ள துவர்ப்பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் நாவும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு சுருங்குவதாக உணர்கிறோம். அப்பொருள்கள் ஆவியாவதில்லை, ஆகவே மூக்கை எட்டுவதில்லை. கோப்பையை வாயருகே கொண்டு செல்லும்போது நமக்குக் கிடைப்பவை மூன்று: மூக்கில் மணம், நாவில் துவர்ப்பு, உதட்டில் சூடு. தாள் கீற்றில் கிடைப்பது முதலாவது மட்டுமே. எஞ்சிய இரண்டையும் மணத்தாலேயே உணர்த்தியாக வேண்டும். அதற்காகக் கலைஞர்கள் தேவதாரு, வெட்டிவேர், குவாயக் கட்டை போன்ற வறண்ட மணப்பொருள்களை நாடுகின்றனர். இவற்றை முகரும்போது நீரற்ற, சற்றே கடிந்த உணர்வு தோன்றுகிறது. நாவின் உணர்வை மூக்குக்குப் பெயர்த்துத் தரும் மொழிபெயர்ப்பு அது.

ஆங்கிலத்தில் இத்தன்மையை வறட்சியைக் குறிக்கும் சொல்லால் சுட்டுகின்றனர். தமிழர்க்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. துவர்ப்பு நம் அறுசுவையுள் ஒன்று. குழந்தையும் நாவற்பழத்திலும் வாழைப்பூவிலும் அதை அறியும். அதனை மணத்தோடு சேர்த்து எண்ணுவதும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தல் நீராட்டுக்கு உரிய நீரில் துவர் பத்தும் விரை ஐந்தும் ஓமாலிகை முப்பத்திரண்டும் ஊறியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல் முதலியன துவர்கள். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியன விரைகள். ஒரே நீரில் துவரும் விரையும் எண்ணிச் சேர்க்கப்பட்டன. எண்ணிச் சேர்த்தவரிடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது என்பதே நாம் கருதத்தக்க செய்தி.

மணத்திற்குச் சொல் இல்லையா?

இங்கே நாம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். மணத்தைச் சொல்லால் உரைக்க மனித மொழிகளால் இயலாது என்று பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தோம். நிறத்திற்குச் சிவப்பு, பச்சை எனத் தனிப்பெயர்கள் உண்டு; மணத்திற்கோ 'மல்லிகை மணம்', 'மீன் வாடை' எனப் பொருளைச் சொல்லியே தீர வேண்டும் என்றோம். பிளேட்டோ தொட்டு வழங்கிவந்த கருத்து அது. ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு கண்டதை உலக மொழிகளின் பொதுவிதி என்று நம்பிவிட்டோம்.

அதை மறுக்கும் சான்று நம் தீபகற்பத்திலேயே இருந்தது. பேராக், கிளந்தான் மாநிலக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியை அசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஜஹாய் மொழியில் மணத்திற்கென்றே ஒரு டசன் அளவு வினைச்சொற்கள் உள்ளன. அவை எந்தத் தனிப்பொருளின் பெயரும் அல்ல. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகியவற்றின் மணத்திற்கு ஒரு சொல். பழங்குடிசை, காளான், பழைய உணவு ஆகியவற்றுக்கு ஒரு சொல். புலியை ஈர்க்கும் குருதி வாடைக்கு ஒரு சொல். மலர்களுக்கும் டுரியானுக்கும் ஒரு சொல். ஒரே மணங்களை ஜஹாய் மக்களிடமும் ஆங்கிலம் பேசுவோரிடமும் கொடுத்தபோது, ஜஹாய் மக்கள் நிறத்தைச் சொல்லும் எளிமையோடு மணத்தையும் சொன்னார்கள். ஒருவர் சொன்னதோடு மற்றவர் சொன்னது பெரிதும் பொருந்தியது. ஆங்கிலம் பேசுவோர் நிறங்களில் ஒத்துப்போயினர். மணங்களிலோ நீண்ட விளக்கங்கள் தந்தும் ஒருவரோடு ஒருவர் பொருந்தவில்லை.

காட்டில் வாழ்வதால் வந்த திறமா இது? மஜீதும் நிக்கோல் குருஸ்பேயும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. செமாக் பெரி, செமெலாய் ஆகிய இரு மக்களும் இதே தீபகற்பத்தின் மழைக்காட்டில் வாழ்பவர்கள். உறவுடைய மொழிகளைப் பேசுபவர்கள். வேட்டையாடியும் காட்டுணவு திரட்டியும் வாழும் செமாக் பெரி மக்கள் மணத்தை நிறம்போல் எளிதாகப் பெயரிட்டனர்; பயிர்செய்து வாழும் செமெலாய் மக்களால் அவ்வாறு இயலவில்லை. காடு ஒன்றே, மூக்கும் ஒன்றே, வேறுபட்டது வாழ்க்கைமுறை. மணச்சொற்கள் தொழிலோடு வாழ்கின்றன என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம்மிடம் உள்ளவை

இந்த ஆய்வுகளைப் படித்தபின் தமிழை மீண்டும் நோக்கினோம். மிளகாய் வறுக்கும்போதும் பெட்ரோல் ஊற்றும்போதும் மூக்கைக் குத்துவது நெடி. பச்சை மீனிலும் முட்டையிலும் இருப்பது கவிச்சி. ஈரம் பட்ட பழந்துணியிலும் பழந்தாளிலும் வருவது மக்கல். கெட்ட சோற்றில் ஊசல், அடிப்பிடித்த பாலில் காந்தல், ஆட்டுப்பட்டியில் மொச்சை, தொண்டையைப் பிடிக்கும் புகையில் கமறல். இவற்றுள் எதுவும் ஒரு தனிப்பொருளின் பெயரன்று. நெடி என்பது மிளகாய்க்கும் பெட்ரோலுக்கும் பொது. ஜஹாய் மொழியின் பகுப்புகளோடு இவை சில இடங்களில் வியக்கத்தக்கவாறு ஒத்துப்போகின்றன.

ஆனால் ஒரு குறை புலப்படும். வாழும் சொற்களில் பெரும்பாலானவை விரும்பத்தகாத மணங்களுக்கு உரியவை. நல்ல மணத்திற்கு விரை, வெறி, நறை, கடி, முருகு என நூல்களில் இருந்த சொற்கள் பேச்சில் இல்லை. மணமும் வாசனையும் மட்டுமே எஞ்சின. 'நாற்றம்' என்பது ஒருகாலத்தில் நன்மணத்தையும் மணம் என்னும் பொதுமையையும் குறித்தது. இன்று இழிபொருட்பேறு அடைந்து தீயதை மட்டும் குறிக்கிறது. கெட்டுப்போன உணவை அறிய வேண்டிய தேவை வீடுதோறும் இருப்பதால் ஊசல் என்னும் சொல் பிழைத்தது. அகிலையும் துருக்கத்தையும் கையால் அளந்து சேர்க்கும் தொழில் நம் வீடுகளை விட்டு நீங்கியபோது விரை என்னும் சொல்லும் அவ்வழியே நீங்கியது.

அண்ணியாரிடம் இருந்ததும் நம்மிடம் இல்லாததும் எது என்பது இப்போது தெளிவாகும். நமக்குச் சொற்பட்டியல் தெரியும். அவருக்குக் கொழுந்து தெரியும். காந்தல் என்னும் சொல்லை அகராதியில் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால் தாள் கீற்றை முகர்ந்தபோது அது நம் உதவிக்கு வரவில்லை, அவருக்கு வந்தது.

வகுப்பறைக்கு

மணத்திற்கு இடும் பெயர், மணத்தையே மாற்றும் வலிமையுடையது. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐசோவலேரிக் அமிலத்தின் மணத்தைப் பாலாடைக்கட்டி என்று பெயரிட்டுத் தந்தபோது, உடல் வாடை என்று பெயரிட்டுத் தந்தபோதைவிட இனியதாக மக்கள் மதிப்பிட்டனர். மூளையின் செயற்பாட்டிலும் வேறுபாடு காணப்பட்டது. பேரங்காடிப் பெண் 'கருந்தேயிலை' என்று சொல்லியிராவிட்டால் நாம் அதில் தேயிலையைக் கண்டிருப்போமா என்பதே ஐயம். பிறர் தரும் பெயரை ஏற்றுக்கொள்ள மட்டும் தெரிந்தவர், பிறர் முகரச் சொல்வதையே முகர்கிறார். தம் சொல் உடையவரே ஏற்கவும் மறுக்கவும் வல்லவர். அண்ணியார் "தேத்தண்ணி வாசம் இல்ல" என்று மறுத்ததை நினைத்துப் பாருங்கள்.

நம் மாணவர் கட்டுரைகளில் எல்லா உணவும் 'கமகம'வென்றே மணக்கிறது. எல்லாச் சாக்கடையும் 'குப்பென்று' வீசுகிறது. குறை மாணவரிடம் இல்லை. சொல்லைப் பட்டியலாகத் தந்தோம்; முகர எதையும் தரவில்லை. ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது எளியது. ஒருநாள் வகுப்புக்குத் தேத்தூள் டின் ஒன்றையும் சூடான தே ஓ கோப்பை ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். முதலில் உலர்ந்த தூளை முகரட்டும்; பிறகு கோப்பையை முகரட்டும்; பிறகு ஒரு வாய் பருகட்டும். 'போல' என்னும் உவமையுருபின்றி வேறுபாட்டைச் சொல்லச் செய்யுங்கள். காந்தலா, நெடியா, மக்கலா, பச்சை வாடையா என்று அவர்கள் வாதிடட்டும். எங்கே மணம் முடிந்து துவர் தொடங்குகிறது என்று கேளுங்கள். வீட்டில் பாட்டியிடம் முகரக் கொடுத்து அவர் சொல்லும் சொல்லை எழுதிவரப் பணியுங்கள்.

மாணவச் செல்வங்களே, புதுச்சொல் ஆக்கும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. கருந்தேயிலைத் திரவியத்தின் வறண்ட, செவ்விய, சற்றே கடிந்த மணத்தைத் 'துவர்மணம்' எனலாம் என்பது நம் எண்ணம். அது நிலைபெறுமா என்பதை நாம் முடிவுசெய்ய இயலாது. முகர்ந்து பார்த்து, பொருந்துகிறது என்று நீங்கள் வழங்கினால் நிற்கும். முகராமல் மனப்பாடம் செய்தால் நிகண்டில் உறங்கும் பிற சொற்களோடு அதுவும் சென்று சேரும்.